அழிக்கும் அதிகாரம் யாரிடம்?

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் காணாமல் போனது. மாணவர்கள் செல்போனில் எழுதிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எல்லோருடைய திரையிலும் ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று வந்தது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். நெட் இருந்தது.

ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி அது. நான் வேதியியல் துறை. சுற்றுச்சூழல் பாடமும் என் தலையில்தான். அந்தப் பாடத்தை யாரும் மதிப்பதில்லை. தேர்வுக்கு முந்தின நாள் கைடு வாங்கிப் படித்துப் பாஸ் செய்துவிடுவார்கள். ஆய்வுக் கமிட்டி வரப்போகிறது, எல்லா வகுப்பிலும் ‘இன்டராக்டிவ் டூல்’ இருக்க வேண்டும் என்று சர்க்குலர் வந்தது. மற்றவர்கள் ஆன்லைன் குவிஸ் போட்டார்கள். நான் கல்லூரிக் கணக்கில் ஒரு பொது வரைபடம் திறந்தேன். அவரவர் வீட்டுக் கிணற்றையோ போர்வெல்லையோ அதில் குறித்து, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். ஒருவர் எழுதியதன் கீழே மற்றவர் பதில் எழுதலாம்.

என் வேலைக்காலத்தில் அப்படி ஒரு விவாதத்தைப் பார்த்ததில்லை. மாதனூரிலிருந்து வரும் சுகன்யா, தோல் பதனிடும் ஷாப்களின் கழிவு கலந்து தங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று எழுதினாள். இம்ரான் அதன் கீழே, ‘எங்க அப்பா தோல் ஷாப்லதான் வேலை செய்றாரு. ஷாப்பை மூடிட்டா நாங்க இன்னா பண்றது?’ என்று கேட்டிருந்தான். ‘மூடச் சொல்லல. கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ணி விடச் சொல்றேன்’ என்று அவள் பதில் போட்டாள். அதற்குப் பிறகு வகுப்பே உள்ளே இறங்கியது. வாய் திறக்காத பையன்கள்கூட வீட்டில் விசாரித்து எழுதினார்கள். சுத்திகரிப்புப் பாடத்தை நான் தொடங்குவதற்கு முன்பே அதைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள்.

அதைத்தான் அழித்திருந்தார்கள்.

சுகன்யா எழுந்து நின்று, "மேடம், நீங்க எடுத்துட்டீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

நேரே பிரின்சிபால் அறைக்குப் போனேன். அவர் எதையும் மறைக்கவில்லை. நிர்வாகக் குழுவில் தோல் ஷாப் முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் போன் செய்தாராம், இவர் ஐ.டி. பிரிவில் சொல்லி எடுக்கச் சொன்னாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தேவைப்படவில்லையாம்.

"டெக்னாலஜி யூஸ் பண்ணுங்கன்னுதான் சொன்னேன் மேடம். இதையெல்லாம் எழுத வைங்கன்னு யார் சொன்னது? ஒரு குவிஸ் போட்டு முடிச்சுடுங்க. கமிட்டிக்கு ஸ்கிரீன்ஷாட் போதும்."

"பசங்க எழுதினதைத் திருப்பிக் குடுங்க சார். அப்புறம் குவிஸ் பத்திப் பேசலாம்."

அது நடக்காது என்றார். நானும் குவிஸ் போட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே அந்தப் பாடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் குவிஸ் போட்டார். கமிட்டி வந்தது, ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தது, பாராட்டிவிட்டுப் போனது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. வாசலில் ‘கூட்டுக் கற்றல்’ என்று பேனர் கட்டியவர்கள், பிள்ளைகள் கூடி எழுதியதைக் கரும்பலகையைத் துடைப்பதுபோலத் துடைத்துப் போட்டார்கள். அவர்களைக் கேட்க ஆளில்லை.

சில நாள் கழித்து இம்ரான் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். அவனும் சுகன்யாவும் இன்னும் சிலரும் சேர்ந்து, தங்கள் சொந்தக் கணக்கில், நினைவிலிருந்த அத்தனையையும் திரும்ப எழுதியிருந்தார்கள். பெற்றோர் வேலைக்கு ஆபத்து வராமலிருக்க யார் பெயரையும் போடவில்லை. அவன் அனுப்பிய லிங்க்கைத் திறந்தேன். ஓர் எழுத்துப் பிழை கண்ணில் பட்டது. திருத்தப் போனேன், முடியவில்லை.

"பார்க்க மட்டும்தான் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. காலேஜ்ல யாருக்கும் எடிட் குடுக்க வேணாம்னு பேசி வெச்சுக்கிட்டோம்."

சுருக்கென்றது. ஆனால் அவர்கள் செய்தது சரி.

இளைய ஆசிரியர்களுக்குச் சொல்வது இதுதான்: எந்த டூல் நல்லது என்பதை அப்புறம் பாருங்கள். அழிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். எழுதுகிறவர்களிடம் அது இல்லையென்றால், ‘இது உங்களுடையது’ என்று மாணவர்களிடம் சொல்லாதீர்கள்.