வாசலுக்கு வெளியே நிற்க ஓர் ஆள்

அருமைராசாவோடு ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் மறுநாள் அடுத்த தரிப்புவரை நடந்துபோய் ஏறுவார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் இருவருக்கும் ஒரே கட்டடம், சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே நேர வேலை. பதினொரு வருடமாகப் பண்டரிபுரக் கதை கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது.

ஆள் மட்டக்களப்புப் பக்கம். கனடாவுக்கென்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் தொண்ணூறாம் ஆண்டு அவனைப் பம்பாயில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். இரண்டு வருடம் ஒரு மராத்தி மில் தொழிலாளியின் அறையில், அந்தக் குடும்பத்தோடு ஒண்டிக்கிடந்தான். ஆடி ஏகாதசிக்கு அவர்கள் பண்டரிபுரத்துக்கு நடந்தார்கள். இவனும் நடந்தான். வழியில் முன்பின் தெரியாத பெரியவர்கள் இவன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்களாம். அந்த நடையில் யார் காலையும் யாரும் தொடலாமாம். அங்கே பிடித்ததுதான் இந்தப் பைத்தியம்.

எழுநூறு வருடத்துக்கு முந்திய மராத்தி ஊர் ஒன்றைத் தலைக்குள் குடிவைத்திருந்தான். அந்த ஊரில் தச்சன், குயவன், நாவிதன், வண்ணான் என்று பன்னிரண்டு தொழில்காரர். அறுவடையில் ஆளுக்கொரு பங்கு நெல்லோ சோளமோ களத்திலேயே கிடைக்கும். எல்லைச் சண்டை வந்தால் மகார் சாதிக்காரன் வந்து நடந்து காட்டும் கோடுதான் எல்லை. ஊரே அவன் சொல்லுக்குக் கட்டுப்படும். ஆனால் ஊர்க் கிணற்றில் அவன் ஒரு வாய் தண்ணீர் அள்ள முடியாது. இதைப் பெட்டி அடுக்கிக்கொண்டே சொல்வான். பெட்டிகள் ஓடும் பட்டியில் முட்டிக்கொண்டு நிற்கும், மேற்பார்வைக்காரி பிரெஞ்சில் கத்துவாள், வசவு என் தலையில் விழும்.

இரண்டாயிரத்து நான்கில் எங்கள் தமிழ் மன்றத்தின் ஆடி விழாவுக்கு அவனை ஒரு நாடகம் போடச் சொன்னது என் வாய்தான். அந்த வாயை இன்றைக்கும் நொந்துகொள்கிறேன். பண்டரிபுரத்து விட்டலன் செங்கல்லின்மேல் நிற்கிற சாமி என்று, புரோசார்டில் வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கி, உண்மையான செங்கல்லோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். மட்டையில் செய்தால் போதாதாம்.

விட்டலனைப் பாடிய பல சாதிப் பக்தர்களின் கதைதான் நாடகம். தையற்காரப் பக்தர் வேடத்துக்கு மூன்று பேர் அடிபட்டார்கள். குயவருக்கும் தோட்டக்காரருக்கும் ஆள் வந்தது. கோயில் பூசகர் வேடம் எனக்கு. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வேடம்: கோயிலுக்குள் விடப்படாமல் வாசலுக்கு வெளியே நின்று பாடும் மகார் பக்தர். ஐந்து நிமிடக் காட்சி, பேச்சு மூன்றே வரி. அதற்கு மொன்றியலில் ஒரு தமிழன் அகப்படவில்லை.

மன்றத்து அருள்நேசனுக்கு விழாவன்று வேலையாம். அதே நாளில் தையற்காரராக நடிக்கமட்டும் அவனுக்கு நேரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளும் கிறகரி, கிறிஸ்தவ வேதக்காரருக்குச் சாதி இல்லை என்று வருடம் முழுக்க முழங்குகிறவன். அவனிடம் போனேன்.

"வேறை வேடம் ஏதும் தாங்கோ அண்ணை. சனம் பேந்து அதையே சொல்லிக் கூப்பிடும். பிள்ளையளுக்கும் பட்டம் ஒட்டிப்போடும்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பனிநாட்டில் பன்னிரண்டு மணித்தியாலம் அடுத்தவன் கழிவறை கழுவுகிறார்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஐந்து நிமிடம் கிழிந்த போர்வை போர்த்தினால் மானம் போய்விடுமாம்! விழாவுக்கு நாலு நாள் இருக்கையில் நேரே அருமைராசாவின் குசினிக்குள் போய்க் கத்தினேன்.

"ஐசே, அந்தக் காட்சியை வெட்டும். ஒரு நாயும் வராது."

"அத வெட்டினா மத்ததெல்லாம் என்னத்துக்கு அண்ணன்?"

"அப்ப நீரே போடுமன்! எழுதினது நீர், பழக்கினது நீர். உமக்கென்ன கேடு?"

அவன் அடுப்பை நூர்த்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"நான் போட்டா அது வேஷமில்ல அண்ணன்."

எனக்கு விளங்கவில்லை. அவனே சொன்னான்.

"என்ட அப்பா பறை அடிச்சவர். கோயிலுக்கும், செத்த வீட்டுக்கும். நாங்க வெளிவீதியோட நிக்கிற ஆக்கள். எங்கட ஊர்க் குடும்பம் மூணு இங்க இருக்கு. சின்னனில கண்டவங்க, இப்ப என்னை மட்டுப்பிடிக்க ஏலாது. அந்தக் கோலத்தோட மேடையில ஏறினா அப்பாவ உரிச்சு வச்ச மாதிரி இருப்பன். பாத்த உடனே பிடிச்சிருவாங்க."

பதினொரு வருடம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டிருக்கிறோம். ஒரு சொல் சொன்னதில்லை.

"நீங்க அந்த வேஷத்தப் போடுறீங்களா அண்ணன்? பூசகர நான் போடுறன்" என்று மெல்லக் கேட்டான்.

ஓம் என்று ஒரு சொல் போதும். அவன் தப்பியிருப்பான். ஆனால் என் மகளுக்கு ரொறன்ரோவில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விழாவுக்கு வருவதாயிருந்தார்கள்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு அதைப்பற்றி அவன் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. ஊரையெல்லாம் திட்டித் தீர்த்தவன் நான். அந்த நாலு நாளும் அவனோடு பஸ்ஸில் போகாமல் ஒளித்துத் திரிந்தேன்.

விழாவன்று, தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில் கதிரை போதாமல் சனம் நின்றது. தையற்காரர் பாடினார், குயவர் பாடினார், சனம் தாளம் போட்டது. பிறகு கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெறும் மேலோடு அருமைராசா மேடைக்கு வந்தான். நான் கண்ட நாள்முதல் முகத்தில் இருந்த மீசையை வழித்திருந்தான்.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளின் காதுக்குள் ஏதோ சொன்னாள். அவள் திரும்பிப் பின்வரிசைக்குச் சொன்னாள். அந்தக் குசுகுசுப்பு மண்டபத்தின் கடைசிவரை போவதை மேடையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் பார்த்திருப்பான்.

இனி என் வரி. "எட்டி நில்லடா. உன் நிழலும் இந்தப் படியில் விழக்கூடாது." ஒத்திகையில் இதை நான் சொன்னால் சுவர் அதிரும். இப்போது வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. திரைக்குப் பின்னால் அருள்நேசன் இரண்டு தடவை வரியை எடுத்துக் கொடுத்தான்.

வாசலுக்கு வெளியே கைகூப்பிக் குனிந்து நின்றவன், தலையை நிமிர்த்தாமல் எனக்குமட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"சொல்லுங்க அண்ணன். பரவாயில்ல. எனக்குப் பழக்கம்தானே."

சொன்னேன். பிசகில்லாமல், உரத்துச் சொன்னேன். மண்டபம் கைதட்டியது.