ஆஷாட மாதத்துச் சீன விருந்து

மைசூரில் எதைச் சாப்பிட்டாலும் ஏதோ ஒரு மூலையில் வெல்லம் இருக்கும். சாம்பாரில் வெல்லம், புளிக்குழம்பில் வெல்லம், பாகற்காயில்கூட வெல்லம். வந்து எட்டு வருஷமாகியும் முதல் வாயில் எனக்கு முகம் கோணிப் போகிறது. கரூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள், வெல்லம்தானே, விஷமா என்பீர்கள். ஒரு மாசம் வந்து இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். என்னைப் போலப் பிழைக்க வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சுருக்கென்று ஒரு ரசம் கிடைக்காதா என்று நாக்கு ஏங்குகிற இந்த ஊரில்தான், போன ஆஷாட மாதத்தில், என் வீட்டுக்காரர் என்னைச் சீனச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார். அதிலும் தித்திப்புதான்.

ஆஷாடம் என்பது இவர்களுக்கு நம் ஆடி மாதிரி. கல்யாணம் கிடையாது, சத்திரங்கள் பூட்டிக் கிடக்கும். அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு சத்திரத்தைக் கப்பலில் சமையல் பார்த்துவிட்டு வந்த ஒரு காண்ட்ராக்டர் பத்து நாளைக்கு வாடகைக்குப் பிடித்தார். மணமேடையில் சிவப்புக் காகித விளக்குகளைத் தொங்கவிட்டார். 'சீன விருந்து, ஏழு கோர்ஸ், ஒவ்வொன்றாக ருசி பார்க்கலாம்' என்று நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்து வீடு வீடாக அனுப்பிவிட்டார். பத்தாம் நாள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்களாம். அந்த நோட்டீஸைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குக் கை பரபரத்தது. காரணம், அன்றைக்குக் காலையில்தான் கரூரிலிருந்து என் அண்ணன் வந்து இறங்கியிருந்தார்.

அண்ணன் சும்மா வரவில்லை. கரூரில் அவர் வீட்டுக் கீழ்ப் போர்ஷன் காலியாகியிருந்தது. தெரிந்த ஒரு பெட்ஷீட் ஏற்றுமதி கம்பெனியில் என் வீட்டுக்காரருக்கு வேலையும் பேசி வைத்திருந்தார். "நாளைக்கு நான் பஸ் ஏறறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லீருங்க, போதும்" என்றார். நஞ்சன்கூட்டு ஃபேக்டரி வேலையை விட்டு வர என் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. ஆனால் அதை அவர் வாயால் சொல்ல மாட்டார். "உங்க தங்கச்சி சொன்னா சரிங்க மச்சான்" என்று பந்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். எட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், இந்த மனுஷரின் தந்திரம் எனக்குத் தெரியாதா? ஊரின் பவிசை மச்சானுக்குக் காட்டினால் அவரே மனம் மாறிப் போய்விடுவார் என்பது கணக்கு. அதற்குத்தான் சீனா.

அண்ணன் வந்ததிலும் தப்பில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் இந்த ஊரைப் பற்றிப் புலம்பியது நான்தான். வந்த புதிதில் மண்டி மொஹல்லாவில் ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்து, "அக்கி பேக்கா, அம்மா?" என்று கேட்டார். முகத்தில் இரண்டு வேர்க்குரு இருந்தது வாஸ்தவம், அதைப் பார்த்துத்தான் அக்கி என்கிறான் என்று நினைத்து, "உனக்குத்தாண்டா அக்கி" என்று கத்திவிட்டு வந்தேன். அவர் கேட்டது அரிசி வேண்டுமா என்று. அந்தக் கதையைச் சொன்னால் அண்ணன் சிரிப்பார். காவிரித் தண்ணீர்ப் பேச்சு சூடாகும்போது பஸ்ஸில் நாங்கள் தமிழில் வாயே திறப்பதில்லை என்று சொன்னால் சிரிக்க மாட்டார். "அப்புறம் எதுக்கு அங்க கெடக்கறீங்க?" என்பார்.

சத்திரத்துக்குள் நுழைந்தால் அசல் கல்யாணப் பந்தி. அதே நீள மேஜை, அதன் மேல் அதே வெள்ளைக் காகிதச் சுருள், எல்லோரும் ஒரே பக்கம் வரிசையாக உட்கார வேண்டும். பரிமாறுகிறவர்களும் கல்யாணத்துக்கு வழக்கமாக வருகிற அதே ஆட்கள்தான், கழுத்தில் சிவப்பு ரிப்பன் மட்டும் புதுசு. முதலில் அண்ணன், நடுவில் என் வீட்டுக்காரர், இந்தப் பக்கம் நான். காண்ட்ராக்டர் மைக்கில், "ஃபர்ஸ்ட் கோர்ஸ்" என்று முழங்கினார். ஒரு கிண்ணத்தில் சோள சூப் வந்தது. காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற அளவு. நான் குடித்து முடித்தேன். வெல்லம் என்று நான் சத்தியம் செய்யத் தயார், சர்க்கரை என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தக் கோடியில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. நடுவில் இந்த மனுஷர் மறைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பந்தி தெரிந்தவர். உப்பு, ஊறுகாய், பொரியல் எல்லாம் வைத்து, சோறு விழுந்த பிறகுதானே கை வைப்பது வழக்கம்? சூப்பைக் குழம்பு என்று நினைத்துத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். பரிமாறுகிற பெரியவரோ, கிண்ணம் காலியானால்தான் அடுத்ததைக் கொண்டுவர வேண்டும் என்ற உத்தரவில் நிற்கிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு, "பேடவா, சுவாமி?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாமா என்று அர்த்தம். பேடா வேண்டுமா என்று கேட்பதாக அண்ணனுக்குப் பட்டிருக்கிறது. சரி, கல்யாண விருந்தில் முதலில் இனிப்புத்தானே? பெரிதாகத் தலையை ஆட்டியிருக்கிறார். கிண்ணம் போய்விட்டது, பேடாவைக் காணோம்.

இரண்டாவதாக ஒரே ஒரு கொழுக்கட்டை. பூரணம் முட்டைக்கோஸ். மூன்றாவதாகப் பல் குத்துகிற குச்சியில் செருகிய பனீர். இரண்டும் அண்ணன் முன்னால் வந்தன, "பேடவா?" என்ற கேள்வியும் வந்தது, தலையாட்டலும் நடந்தது, தட்டும் போனது. நாலாவது வந்தபோது அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க மாப்ள, பேடா பேடான்னு கேட்டுக் கேட்டு தட்டப் புடுங்கறானுங்க! சோத்தக் கண்ணுல காட்டறானுங்களா?"

சத்திரம் முழுக்கத் திரும்பியது. நான் எழுந்து அண்ணனிடம் ஓடினேன். "மச்சானுக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர், வாயில் பனீரோடு. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குச்சியைப் பிடுங்கி அவரையே குத்தியிருப்பேன். பெரியவரிடம் நான் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். காண்ட்ராக்டரின் ஏழு கோர்ஸும் போன இடம் தெரியவில்லை. போன மூன்றையும் ஒரே தட்டில் போட்டு, ஆறாவதாக வர வேண்டிய ஃப்ரைட் ரைஸைக் கல்யாணக் கரண்டியால் மலையாகக் குவித்து, அண்ணன் முன்னால் வைத்து, "ஊட்ட மாடி, சுவாமி" என்று சாப்பிடச் சொல்லிக் கும்பிட்டார்.

அண்ணன் கும்பிடவில்லை. "பாத்தியா அம்மிணி? சண்ட போட்டாத்தான் இந்தூர்ல சோறு. இவனுங்க மத்தில நீ எதுக்குக் கெடந்து சீரழியோணும்? மூட்டயக் கட்டு" என்றார். அந்தப் பெரியவர் பக்கத்திலேயே நிற்கிறார். தமிழ் தெரியாவிட்டாலும் குரல் தெரியாதா? எனக்குச் சுரீரென்றது.

"சும்மா இருங்ண்ணா. எங்கூர்ல கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. புரியலைன்னா கேக்கோணும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. எங்கூர். தமிழில் இந்தத் தொல்லை ஒன்று இருக்கிறதே. நம்மூர் என்றால் கேட்கிறவரும் சேர்த்தி, எங்கூர் என்றால் கேட்கிறவர் வெளியாள். பிறந்ததிலிருந்து அண்ணனிடம் நான் நம்மூர் என்றுதான் பேசியிருக்கிறேன். இந்த ஊரை வைததெல்லாம்கூட 'அந்தூர்' என்று சொல்லித்தான். அண்ணனின் கை சோற்றிலேயே நின்றது.

"எங்கூரா?" என்றார். அவ்வளவுதான். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். பாதியில், என்னைப் பார்க்காமலே, "சரி அம்மிணி. போர்ஷன வேற ஆளுக்கு உட்டர்றேன்" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அண்ணா, கோபத்தில் வந்தது என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, அண்ணனுக்கு இன்னொரு கரண்டி போடும்படி பெரியவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஐந்தாவது கோர்ஸை நிம்மதியாக மென்றுகொண்டிருந்தார். ஜெயித்தவர் அவர், பழி எனக்கு.

கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது அந்தப் பெரியவர் வாசல் வரைக்கும் வந்தார். அண்ணனைக் காட்டி, உங்கள் அண்ணனா, எந்த ஊர் என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார்.

"நம்மூரு" என்றேன்.

கன்னடத்தில் நம்ம, எங்க என்ற பேதமெல்லாம் கிடையாது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். "இல்லியவரா? மத்தே கன்னட பரல்வா?" என்று பெரியவர் ஆச்சரியப்பட்டார். இந்த ஊர்க்காரரா, அப்புறம் கன்னடம் வராதா என்று அவருக்குச் சிரிப்பு. அந்தச் சம்பாஷணையில் அண்ணனுக்குப் புரிந்ததும் அந்த ஒரு சொல்தான். அதுவரை தரையைப் பார்த்து நடந்தவர் நிமிர்ந்தார். "அப்பிடிச் சொல்லு அம்மிணி" என்று என் தோளைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது. கரூரைச் சொன்னதாக அவர் நினைத்தார், மைசூரைச் சொன்னதாகப் பெரியவர் நினைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

நான் எதைச் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.