நல்ல பாடு வந்த காலையில் நான் பூட்டிய கேட்

நம்ம அன்பியத்து ஜெபக் கூட்டத்துக்கு வந்திருக்கிற சகோதர சகோதரிகளே, மாதாவுக்கு நன்றி சொல்லத்தான் எந்திரிச்சிருக்கேன். ஆனா மொதல்ல என் தப்பைச் சொல்லிருதேன். இல்லாதப்பட்ட பிள்ளைங்க படிக்கணும்னு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சவ நான். அந்த நானே ஒரு பிள்ளைய வெளிய நிறுத்திக் கேட்டைப் பூட்டினேன். அதுக்கப்புறம் அவ படிக்கன்னு எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதிக்கல.

என்னைய உங்களுக்குத் தெரியும். பிலோமினா டீச்சர், திரேஸ்புரத்து வள்ளக்காரர் மக. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ரொம்ப வருசம் வேலை பாத்தேன். நம்ம கடற்கரைப் பிள்ளைங்க அஞ்சாவதோட நின்னுபோறதப் பாத்து மனசு கேக்கல. வேலைய விட்டுட்டு, வலை போட்டு வச்சிருந்த ஒரு பழைய குடோனைக் கேட்டு வாங்கி, வெள்ளையடிச்சு, இன்னும் ரெண்டு டீச்சர்மாரோட பள்ளிக்கூடம் தொடங்கினேன். "இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு"ன்னு சொந்தக்காரங்களே சொன்னாக. சொன்னா சொல்லிட்டுப் போறாகன்னு விட்டுட்டேன்.

எனக்கு ஒரே வீம்பு. டவுன்ல இருக்கிற பெரிய ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நம்ம பிள்ளைங்க ஒரு பொட்டும் குறையக் கூடாது. அதனால ஷூ, டை, இஸ்திரி போட்ட யூனிபார்ம். ஒம்பது மணிக்குக் கேட் பூட்டு. சாவி என் இடுப்புலதான் கிடக்கும். அசெம்பிளியில தினமும் ஒரு அருள்நிறை மந்திரம். அது முடிஞ்சதும், "மாதாவே, எங்க அப்பாமாருக்குக் கடல்ல நல்ல பாடு தாரும்"னு எல்லாப் பிள்ளைங்களும் சேந்து கேக்கும். வலை நிறைய மீன் விழணும்னு கேக்குற அந்த ஜெபத்தை எழுதிக் குடுத்ததும் நான்தான்.

ஆறாவதுல அமலின்னு ஒரு பிள்ள இருந்தா. கணக்குல புலி. அவ அப்பா ராத்திரி வலை விட்டுட்டு விடிய வள்ளத்தோட கரைக்கு வருவாரு. அம்மாவும் அமலியும் உக்காந்து வலையில சிக்கின மீனை ஒண்ணொண்ணா எடுக்கணும். வலை கழிக்கிறதுன்னு சொல்லுவோம்லா, அந்த வேலை. மீன் கம்மின்னா ஏழு மணிக்கே முடிஞ்சிரும். மீன் நிறையக் கிடந்தா ஒம்பது தாண்டிரும். நானும் சின்ன வயசுல கழிச்சவதான். தெரியாதுன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும்.

நாலஞ்சு தடவ அவளைத் திருப்பி அனுப்பியிருக்கேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசமாட்டா.

அது ஒரு தவக்காலம். அன்னைக்குக் கரை முழுக்கச் சாளை மீனு. ஊரே சந்தோசத்துல கத்திக்கிட்டுக் கிடந்துச்சு. ஒம்பதாயிப்போச்சு, நான் பூட்டிட்டேன். உள்ள ஜெபம் ஓடுது. அமலி ஓடி வாரா. பாவாடை முட்டு வரைக்கும் நனைஞ்சிருக்கு, கையெல்லாம் செதிலு. கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "நல்ல பாடு தாரும்"னு உள்ள சொன்னதும் வெளிய நின்னவளும் சிலுவை போட்டு "ஆமென்"னு சொன்னா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

கிட்டப் போயி நான் சொன்னேன்: "இந்த நாத்தத்தோட உள்ள வராத. போ."

ஐயோ, அந்த வாய்க்கு என்ன தண்டனை குடுத்தாலும் தகும். அவ கையைப் பாவாடையில தொடைச்சா. திரும்பி நடந்தா. அவ்வளவுதான்.

பிள்ளதானே, நாளைக்கு வந்துருவான்னு நெனச்சேன். வரல. ஒரு வாரம் கழிச்சு வீட்டுக்குப் போனேன். கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போயிருக்கான்னாக. அவ அம்மா என்னைய உக்காருன்னு கூடச் சொல்லல. "நாத்தம்னு சொன்னியளாமே டீச்சர். நீங்க யாரு வீட்டுப் பிள்ள?"ன்னு மட்டும் கேட்டாக. அதுக்கப்புறமும் எத்தனையோ தடவ போனேன். என் குரல் கேட்டாலே அமலி உள்ளுக்குள்ள போயிருவா. பொறவு குடும்பமே மாமா ஊருக்குப் போயிட்டுன்னாக. எந்த ஊருன்னு யாரும் சொல்லல.

அன்னையில இருந்து என் ஜெபமாலையில ஒரே விண்ணப்பம். அந்தப் பிள்ளைய எனக்குத் திருப்பித் தாரும் தாயே. சாப்பாடு இறங்கல. பள்ளிக்கூடத்தையே மூடிரலாமான்னு கூட நெனச்சேன்.

ஒரு நாள் அசெம்பிளியில ஜெபத்தை நான் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்தேன். "நல்ல பாடு தாரும்"ங்கிற எடத்துல நிறுத்திட்டேன். நாங்க பாடு கேட்டோம். மாதா தந்தா. தந்த அன்னைக்குத்தானே அந்தப் பிள்ளைக்கு நேரமாச்சு? தாயி அள்ளிக் குடுத்ததுக்கு நான் அந்தப் பிள்ளையத் தண்டிச்சிருக்கேன். பிள்ளைங்க முன்னாலயே அழுதுட்டேன்.

அன்னைக்கே பூட்டைக் கழத்தினேன். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு குழாய், சோப்பு, மாத்து யூனிபார்ம் ரெண்டு செட்டு. முதல் பீரியட் பாட்டும் படம் வரையிறதும். கணக்கு பத்து மணிக்கு மேலதான். எல்லாம் அமலிக்கு அப்புறம் வந்த பிள்ளைங்களுக்கு. அவளுக்கு ஒண்ணும் செய்யல நான்.

வருசங்க ஓடிட்டு. இந்த ஈஸ்டர் முடிஞ்சு அட்மிஷன் நேரம். மணி ஒம்பதரை இருக்கும். ஒரு பொண்ணு சின்னப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கு வெளியவே நிக்கா. கேட் திறந்துதான் கிடக்கு. "உள்ள வாம்மா"ன்னேன். அவ வரல.

"டீச்சர், கேட்டை எத்தன மணிக்குப் பூட்டுவிய?"

குரல்ல தெரியல, கையில தெரிஞ்சுது. பேசிக்கிட்டே கையைச் சேலையில தொடைச்சா. "நீ அமலியாளா?"ன்னு கேட்டுக்கிட்டே வெளிய ஓடினேன். அவ கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், பிள்ள பாக்குது"ன்னா. இப்ப நம்ம கரைக்கே திரும்பிக் குடிவந்துட்டாளாம். நீயும் பத்தாவது பிரைவேட்டா எழுதுளா, நான் சொல்லித் தாரேன்னேன். சிரிச்சா. "எனக்கு நேரம் போயிட்டு டீச்சர். இவளுக்குப் பூட்டாதிய, அது போதும்."

கேட்டதைத் தாயி தந்துட்டா, கோடி நன்றி. ஆனா கணக்குல புலியா இருந்த அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைய யாராலயும் திருப்பித் தர முடியாது. அந்தப் பாரத்தைச் சாகுற வரைக்கும் சுமப்பேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்க, கண்டிப்பாக் கிடைக்கும். கேட்டுட்டு, நம்ம கையில சாவி இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.

போன வாரம் மறுபடியும் நல்ல பாடு. பாதி வகுப்பு காலி. நான் வாசல்ல போயி நின்னேன். அமலி மக ஒம்பதே முக்காலுக்கு ஓடி வந்தா, அம்மாகூட வலை கழிச்சுக்கிட்டு இருந்திருக்கா, கன்னத்துல ஒரு செதிலு ஒட்டிக்கிடந்துச்சு. "டீச்சர், ஜெபம் முடிஞ்சிட்டா?"ன்னு கேட்டா. இல்லளா, உனக்காகத்தான் நிக்கோம்னு உள்ள கூட்டிட்டுப் போனேன்.