பந்தைப் பார்த்தானா, ஆளைப் பார்த்தானா?

எந்தத் தொழில் செய்தாலும் ஒரு பக்கமாவது நல்ல பேர் கிடைக்கும்; விசில் ஊதுகிறவனுக்கு இரண்டு பக்கமும் வசவுதான். என்னைப் போல ஊதி ஊதி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். வேறு என்ன செய்ய முடியும் நம்மால்?

காரைக்குடியில் நான் டிரில் மாஸ்டர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சுற்றுவட்டாரத்தில் கூடைப்பந்து எங்கே நடந்தாலும் ரெஃப்ரி நான்தான். ஆட்டத்தில் கை படும், தோள் இடிக்கும். அது சாதாரண ஃபவுல். வேண்டுமென்றே தள்ளினால் எதிரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முரட்டுத்தனமாக ஆளையே சாய்த்தால் ஆட்டத்தை விட்டு வெளியே. இதில் 'வேண்டுமென்றே' என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஒரே அளவுகோல்தான்: தள்ளியவன் பந்தைப் பார்த்தானா, ஆளைப் பார்த்தானா? இன்னொன்று, அந்தக் காலத்தில் ஃபவுல் செய்தவன் தானே கையைத் தூக்கி ஸ்கோர் மேஜைக்குக் காட்ட வேண்டும். அந்தக் கை எப்படி எழும்புகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வக்கீலின் வாய்தா

சிவகங்கையில் ஒரு மேட்ச். உள்ளூர் டீமில் ஒரு இளம் வக்கீல் ஆடினார். பந்து ஒரு பக்கம் உருண்டு போக, இவர் எதிரியின் பனியனைப் பிடித்து இழுத்தார். பனியன் அக்குளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. 'வேண்டுமென்றே' என்று ஊதினேன்.

மனிதர் கை தூக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை ஆரம்பித்தார். சாட்சி யார், முன்விரோதம் உண்டா என்றெல்லாம் கேட்டார். கிழிந்த பனியனைச் சுட்டிக் காட்டினேன். கிழிந்ததை ஒப்புக்கொள்கிறேன், எண்ணத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். கடைசியில் வேண்டாவெறுப்பாகக் கையைத் தூக்கிவிட்டு என் காதருகே வந்து சொன்னார்: "கெட்ட எண்ணம் இருந்துச்சுன்னு நிரூபிக்க நாங்க மூணு வருசம் வாய்தா வாங்குவோம். நீங்க ஒரே ஊதுல தீர்ப்பே சொல்லிப்பிட்டீகளே!"

தனி இலை

நேமத்தான்பட்டியில் ஒரு டோர்னமென்ட். முடிந்ததும் பரிசு கொடுத்த வீட்டில் சாப்பாடு. இந்த வரிசையில் ஜெயித்த டீம், எதிர் வரிசையில் தோற்ற டீம். இரண்டு மணி நேரம் முட்டி மோதிக்கொண்டவர்கள் ஒருவர் இலைக்கு ஒருவர் அப்பளம் வீசி விளையாடினார்கள். நான் எந்தப் பக்கம் உட்காரப் போனாலும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பரிமாறுகிறவர் பார்த்துவிட்டு, தூண் ஓரமாக எனக்கென்று ஒரு தனி இலை போட்டார்.

மரியாதை என்று நினைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தூணோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? வீட்டு ஆச்சி பாயசத்தோடு வந்தார்கள். எந்த டீம் என்று கேட்டார்கள். எந்த டீமும் இல்லை என்றேன். ஆச்சி கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார்கள். "அடப் பாவமே, சேந்தவுக ஒருத்தருமே இல்லாம எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?"

காசிம் கை தூக்கவில்லை

எனக்கும் ஒருத்தன் இருந்தான். காசிம். ஒரே பெஞ்சில் படித்து, ஒரே டீமில் ஆடியவன். எனக்கு முதன்முதலில் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தது அவனுடைய அத்தாதான். மகனுக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி. நான் விசிலைப் பிடித்தேன். அவன் தொடர்ந்து ஆடினான். ஃபவுல் செய்தால் நான் ஊதும் முன்பே சிரித்துக்கொண்டு கை தூக்கிவிடுவான்.

காரைக்குடியில் ஃபைனல். எதிரே மதுரை டீம். முன் நாற்காலியில் காசிமின் அத்தா. ஒரு நிமிடம்கூட பாக்கியில்லை, எங்கள் ஊர் ஒரு பாயின்ட் முன்னால். மதுரைப் பையன் தனியாகப் பந்தைக் கொண்டுபோய்க் கூடைக்கு எழும்பினான். பின்னால் ஓடிவந்த காசிம் இரண்டு கையாலும் முதுகில் தள்ளினான். பையன் கம்பத்தில் மோதித் தாடை கிழிந்து விழுந்தான். காசிமின் கண் பந்தில் இல்லை. நான் பார்த்தேன்.

ஊதினேன். வெளியே போ என்று கையைக் காட்டினேன். இரண்டு ஃப்ரீ த்ரோவும் விழுந்தன. கோப்பை மதுரைக்குப் போனது. ஊரே என்னை ஏசியது. அது பழக்கம்தான். காசிம் மட்டும் ஏசவில்லை. கையையும் தூக்கவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாகக் கேட்டான்: "உனக்கு என்னையத் தெரியாதா மாப்ளே?"

தெருமுனை

அதற்குப் பிறகு நான் அவன் வைத்திருந்த கடைப்பக்கம் போகவில்லை. சாயங்காலம் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகு, பேச ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போகவில்லை. மூன்றாம் வருஷம் அத்தா மௌத்து, இறந்துபோய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டேன். வாசலில் காசிம் நிற்பது தெரிந்தது. எல்லார் முன்னாலும் போடா என்று சொல்லிவிட்டால்? திரும்பி நடந்தேன். நான் வழி தவறிவிட்டேன் என்று நினைத்து டீக்கடைக்காரர் பின்னாலிருந்து கத்தினார்: "அங்குட்டு இல்ல சார், மௌத்து வீடு இங்குட்டு இருக்கு!"

பக்கத்து சீட்

ஃபைனல் முடிந்து ஒன்பது வருஷம். சிவகங்கையில் மேட்ச் முடித்துக் காரைக்குடி பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒரே ஒரு சீட்தான் காலி. பக்கத்தில் காசிம். மீசை நரைத்திருந்தது. இறங்கிவிடலாமா என்று பார்த்தேன், பஸ் கிளம்பிவிட்டது. பாதி தூரம் இரண்டு பேரும் முன்சீட்டுக் கம்பியையே பிடித்துக்கொண்டு வந்தோம்.

அவன்தான் ஆரம்பித்தான். "வேணும்னேதான் தள்ளுனேன். அத்தா முன்னால கையத் தூக்க வெக்கமா இருந்துச்சு. மறுநாளே உன்கிட்ட வந்து சொல்லணும்னு இருந்தேன். உன்னைய வெளிய காணல."

என் தீர்ப்பு சரிதான் என்று ஒன்பது வருஷம் கழித்துத் தெரிகிறது, சந்தோஷமே வரவில்லை.

"அத்தா மௌத்தன்னிக்கு நீ தெருமுனையில நின்னத பாத்தேன்," என்றான். "என் மூஞ்சிய நேரா பாத்துட்டுத்தான் திரும்பிப் போனே. நான் தள்ளுனது ஒரு நிமிசம். நீ செஞ்சது ஒம்பது வருசம். சொல்லு ரெஃப்ரி, அது வேணும்னேதானே?"

அத்தா வாங்கிக் கொடுத்த ஷூ ஞாபகம் வந்து எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. எழுந்து நின்று வலது கையைத் தூக்கினேன், நன்றாக, ஸ்கோர் மேஜைக்குத் தெரிகிற மாதிரி.

கண்டக்டர் உடனே விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். "யாரு சார் எறங்குறது? சீக்கிரம் வாங்க!"

காசிம் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளை அழுத்தி உட்கார வைத்தான். "அவரு எறங்கலண்ணே, ஃபவுல ஒத்துக்கிறாரு. நீங்க வண்டிய விடுங்க."

இத்தனை வருஷம் ஊரில் உள்ளவன் கையையெல்லாம் ஊதித் தூக்க வைத்த எனக்கு, என் கையைத் தூக்க மட்டும் ஒரு பஸ்ஸும் ஒன்பது வருஷமும் தேவைப்பட்டன.