சொதி ஊற்றிய கை

எங்கள் அக்கா நீலாம்பாள் இடக்கைக்காரி. சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய வெட்கக்கேடு கிடையாது. எங்கள் அம்மை இறந்துபோன பிறகு வீட்டை ஆண்டது அப்பாவின் அக்கா, பார்வதியம்மாள் அத்தை. இலை போட்டதும் அக்காவின் இடது கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிவிடுவாள். முடிச்சுப் போடுகிற வேலை சில நாள் எனக்கு வரும். எட்டு வயதில் அது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

வலது கையால் அக்கா கோலம் போட்டால் கோணும், தண்ணீர் மொண்டால் சிந்தும். "மூதி, ஒனக்கு எதுதான் ஒழுங்கா வரும்?" என்பாள் அத்தை. கேட்டுக் கேட்டு அக்காவும் தனக்கு ஒன்றும் வராது என்றே நம்பிவிட்டாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பயந்து ஒடுங்குவாள். ஆற்றங்கரையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் கதையே வேறு. இடது கையால் தட்டைக் கல்லை விட்டெறிவாள். அது தண்ணீரில் ஏழெட்டுத் தடவை தத்திப் போகும். அப்போது அவள் சிரிக்கிற சிரிப்பை வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

அப்பா வைத்தியலிங்கம் வக்கீல் குமாஸ்தா. வாயில்லாப் பூச்சி. அத்தை கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார்.

1912 ஆனியில், அக்காவுக்குப் பதினான்கு வயது. தன் மகனுக்குப் பெண் பிடித்துப்போய், சேரன்மாதேவி நமச்சிவாயம் பிள்ளை குடும்பத்தோடு எங்கள் வீட்டில் கை நனைக்க வந்தார். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. தேங்காய்ப்பால் குழம்போடு சொதிச் சாப்பாடு. பெண்ணே பரிமாறட்டும் என்று அத்தை ஏற்பாடு. நமச்சிவாயம் பிள்ளை இலைக்கு வந்ததும் அக்கா கையில் சட்டி சரிந்தது. சட்டியை வலது கையால் அணைத்துக்கொண்டு, கரண்டியை இடது கைக்கு மாற்றி ஊற்றிவிட்டாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவள் அவ்வளவு பாங்காக ஊற்றி நான் பார்த்ததேயில்லை.

"என்ன வே இது?" என்று நமச்சிவாயம் பிள்ளை சோற்றைத் தொடாமல் எழுந்தார். பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள்.

அவர்கள் வண்டி தெருமுனை தாண்டவில்லை, அத்தை துண்டோடு வந்துவிட்டாள். பந்தியில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எனக்கும் ஊத்து தாயி. அந்தக் கையாலயே ஊத்து."

"ஏலே, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்றாள் அத்தை.

"சின்னதுல எங்கையையும் இப்படித்தானக்கா கட்டுன? அன்னைக்கு முடங்குனவன் இன்னும் நிமிரல. எம்பிள்ளைக்கு வேண்டாம்."

அப்பாவும் இடக்கைக்காரர் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அக்கா அழுதுகொண்டே ஊற்றினாள். அப்பா வழித்துச் சாப்பிட்டார்.

அத்தை மூன்று மாதம் அப்பாவோடு பேசவில்லை. ஆனால் அக்கா கையை யாரும் அப்புறம் கட்டவில்லை. தினமும் இலையில் உட்கார்ந்ததும் "நீலா வரட்டும்" என்பார் அப்பா. மெல்ல மெல்ல அக்கா வாய்விட்டுப் பேசினாள், அத்தையிடம் எதிர்த்துக்கூடப் பேசினாள். எனக்கு அதில் பரம திருப்தி.

இரண்டு வருஷம் கழித்து, கங்கைகொண்டான் காந்திமதிநாதன் பிள்ளை தன் மகனுக்காகக் கை நனைக்க உட்கார்ந்தார். அப்பா விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா சொதிச் சட்டியோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நான் இடக்கைக்காரி. ஊத்தட்டுமா, வேண்டாமா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆறிப் போகும் முன்னால ஊத்து தாயி" என்றார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் ஒன்று. அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அக்கா அழுதிருக்கமாட்டாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அப்பா இலைக்குப் போயிருப்பாள்.