பத்து நிமிடத்தில் இருளும் திரை

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எனக்கு எதுவும் உறைக்காது. வருவேன், அடிப்பேன், கழுகுமலை பஸ் ஏறுவேன்.

மெஷினைப் போட்டுக் கொடுத்தவர் லினக்ஸ் போட்டிருந்தார். மவுஸ் இல்லை, படம் இல்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். பத்து நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரை தானாக இருண்டுவிடும். ஒரு விசையைத் தட்டினால் போதும், எழுத்து திரும்ப வந்துவிடும். அது எனக்குத் தெரியும். ஆபீஸ் கூட்டும் அக்காவுக்குத் தெரியாது.

அக்கா முன்பு தீக்குச்சிக்கு மருந்து முக்கும் ஷெட்டில் இருந்தவள். அந்த வாடையில் மூச்சு முட்டி, கெஞ்சிக் கேட்டு ஆபீஸுக்கு வந்திருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் கரண்ட் போனால் முதல் வேலை எல்லா சுவிட்சையும் அணைப்பதுதான். ஆளில்லாத நேரத்தில் கரண்ட் வந்து ஒரு பொறி விழுந்தால் போச்சு. என் அறையில் பகலில் விளக்கு கிடையாது. சாப்பிடப் போகும்போது ஃபேனையும் நானே நிறுத்திவிட்டுப் போவேன். கரண்ட் இருக்கிறதா என்று சொல்ல அந்தத் திரை ஒன்றுதான். அது இருண்டதும் அக்கா மெயினை அணைத்துவிடுவாள்.

நான் அடித்த தொழிலாளர் பெயர்ப் பட்டியல் மூன்று முறை அழிந்துபோனது. சேமிக்காமல் எழுந்து போகிற மகராசி நான்தான்.

மூன்றாம் முறை மேனேஜர் வந்து நின்றார். "யாரு அணைச்சது?"

"அந்த அக்காதான் சார்" என்றேன். பொய் இல்லை. திரை தானாக இருளும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் கேட்பார்.

"கரண்டு போயிட்டுன்னு நெனச்சேன் சார்" என்றாள் அக்கா. அவர் காதில் வாங்கவில்லை. மறுநாளே அவளை மருந்து ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாலாம் முறையாகப் பட்டியலை அடிக்க உட்கார்ந்தேன்.

அன்று மதியம்தான் மெஷினோடு கொடுத்திருந்த புத்தகத்தைப் புரட்டினேன். செட்டெர்ம், பிளாங்க், சைபர். திரையை இருளவிடாத கட்டளை, ஒரே வரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பின் திரை இருளவே இல்லை. மெஷினை அணைத்தால் மட்டும் அதை மறந்துவிடும். அதனால் தினமும் காலையில் முதல் வேலையாக அந்த வரியை அடிப்பேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா கூலி வாங்கக் கைநாட்டு வைக்க ஆபீஸுக்கு வந்தாள். விரலெல்லாம் மருந்துக் கறை. பேசுமுன் இருமினாள். நான் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். திரையில் எழுத்து அப்படியே நின்றது.

"இப்ப கறுக்க மாட்டேங்குதே தாயி. சரி பண்ணிட்டியா?"

"ஆமாக்கா."

"ரொம்பக் கஷ்டமான வேலையோ? நாலஞ்சு நாளு பிடிச்சிருக்குமே?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன்.