கடலை வலக்கைப் பக்கம் விட்டு

மாலேயில் நாங்கள் இருந்த அறையின் யன்னலால் கையை நீட்டினால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையைத் தொடலாம். அந்த இடைவெளியைத்தான் தெரு என்பார்கள். என் வீட்டுக்காரர் இவர் மாலைத்தீவில் மேசன் வேலை செய்த காலம். நானும் கூடப் போயிருந்தேன். ஒரு பின்னேரத்துக்குள் முழுத் தீவையும் நடந்து சுற்றிவிடலாம். அதற்குள் அவ்வளவு சனம், மாடிக்கு மேல் மாடி. கிணற்றுத் தண்ணீர்கூட உப்பாகிப் போயிருந்தது. முந்தி சுற்றிவரக் கோட்டைச் சுவர் இருந்ததாம். அதை இடித்து, கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டித் தீவைப் பெருப்பித்தார்களாம். கையில் ஒட்டிய சீமெந்தைச் சுரண்டிக்கொண்டு இவர்தான் இந்தக் கதையெல்லாம் சொல்லுவார். "நாளைக்கு நித்திரையால எழும்பேக்க இன்னும் ரெண்டு தெரு கூடியிருக்கும், பார்" என்று பகிடி விடுவார்.

ஆட்களிடம் வழி கேட்க எனக்குக் கூச்சம். அந்தப் பாசையும் தெரியாது. சந்தைக்குப் போய் ஒழுங்கைகளுக்குள் தடுமாறி அழுதுகொண்டு வந்த அன்று இவர் சிரித்தார். "விசரி, எங்கட வீடு கடலோரந்தானே. கடலடிக்கு வந்து, கடலை வலக்கைப் பக்கம் விட்டிட்டு நட. எப்பிடியும் வீடு வரும்." பிறகு இரண்டு பேருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது.

வயதுபோன காலத்தில் நாங்கள் வந்து சேர்ந்த கனடாவின் மொன்றியலும் ஆறு சுற்றி ஓடும் ஒரு தீவுதான். அங்கே செயின்ட்-மிஷேல் பகுதியில் மகள் வீட்டில் இருக்கும்போதுதான் இவருக்கு நினைவு கலங்கத் தொடங்கியது. மரங்கள் இலை கொட்டி முடிந்த ஒரு நாள், வேலையால் வந்த மகள், "அம்மா, கதவு துறந்து கிடக்கு. அப்பா எங்க?" என்றாள். இவரின் சப்பாத்தும் குளிர்க்கோட்டும் வாசலிலேயே இருந்தன.

பொலிசுக்குச் சொன்னோம். கடை, மெட்ரோ எல்லாம் தேடினோம். "ஆத்தடிக்குப் போ பிள்ளை. ஆத்தை வலக்கைப் பக்கம் விட்டுத்தான் அப்பா நடப்பார்" என்றேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் காரைத் திருப்பினாள்.

ஆற்றோர வீதியால் ஊர்ந்து போனோம். வீடுகள், பூங்கா, பாலம், திரும்பவும் வீடுகள். இருட்டிக்கொண்டு வந்தது. இது மாலே இல்லையே, இவர் விழும்வரை நடப்பாரே, வீடு வராதே என்று வாய்விட்டுக் குழறினேன். "அழாமல் வெளியில பாருங்கோ அம்மா" என்ற மகளும் அழுதுகொண்டுதான் கார் ஓட்டினாள்.

ஒரு பஸ் தரிப்பிடத்தில் குந்தியிருந்தார். வீட்டுச் செருப்பில் ஒன்று இல்லை. அந்தக் கால் நீலம் பாரித்திருந்தது. என்னைக் கண்டதும், "இஞ்சேர், எவ்வளவு கடலை நிரப்பிப்போட்டாங்கள், பாத்தியே? நடக்க நடக்க வீடு வருகுதில்லை" என்றார்.

காலை என் மடியில் வைத்துச் சால்வையால் சுற்றினேன்.

"இப்ப வீட்டைதானே போறம்?"

"ஓம்" என்றேன். மகள் ஆஸ்பத்திரிப் பக்கம் காரைத் திருப்பினாள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. இப்போது இருக்கும் முதியோர் இல்லத்தின் கதவுக்கு இலக்கப் பூட்டு. நான் போகிற நேரமெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்கிறார். இன்னும் கொஞ்சத் தூரந்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.